காடாகிப்போன தையல் கடை

என் தங்கை வீட்டுப் பரணில் வௌவால்கள் புகுந்தபோது ஒரு விளக்குமாற்றை எடுத்து விரட்டியிருக்கலாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். என் தங்கைக்குப் படித்தவர்கள் மேல் மரியாதை அதிகம். "அதுக்குன்னே ஒரு நிறுவனம் இருக்கேண்ணா, ஒரு வார்த்தை கேட்டுட்டு விரட்டலாமே" என்றாள். அதற்குப் பிறகு நடந்த அத்தனை கூத்துக்கும் அந்த மரியாதைதான் காரணம்.

தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தையல்காரர். தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு தையல் எந்திரம், துணி வெட்டும் மேசை, ஓர் இஸ்திரிப் பெட்டி. பள்ளிச் சீருடை தைப்பதுதான் முக்கியப் பிழைப்பு. பின்னால் படுக்க ஓர் அறை, ஒரு சமையலறை. மேலே பலகை அடித்த பரண், அதற்கு மேல் ஓடு. ஒரே மகள். செயற்கைப் பல் செய்யப் படித்தவள். தூரத்து நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்துத் தெருவில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் எங்கள் பக்கம் ஆதாயம் பார்த்தது என் எந்திரம் ஒன்றுதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வௌவால்கள் ஆசைப்பட்டு வரவில்லை. ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் இருந்த காட்டை மரக் குத்தகைக்காரர் ஒருவர் ஓர் ஓரத்திலிருந்து மொட்டையடித்துக்கொண்டு வந்தார். மரம் போனதும் அவை இடம் தேடின. தையல்காரர் வீட்டு ஓட்டில் ஓர் ஓட்டை இருந்தது.

வௌவால் வகைப்பாடு மற்றும் பரவல் ஆய்வு நிறுவனம் ஊர் நடுவே ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே உயிருள்ள வௌவால் ஒன்றுகூடக் கிடையாது. எங்கே வந்துவிடுமோ என்று எல்லா ஜன்னலுக்கும் கம்பிவலை அடித்திருந்தார்கள். நானும் தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் போனபோது, ஊழியர்கள் எல்லாரும் கூடத்தில் எழுந்து நின்று ஒரு தடித்த நூலிலிருந்து ஒரு பத்தியைச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது நிறுவன இயக்குநர் இளவயதில் எழுதிய நூல். அங்கே அதற்கு 'மூலநூல்' என்று பெயர், அவருக்குப் 'பெரியவர்' என்று பெயர். தினமும் ஒரு பத்தி வாசித்த பிறகுதான் வேலை தொடங்கும். வேலை என்பது மறுநாள் வாசிக்கவேண்டிய பத்திக்கு அடையாளம் வைப்பது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

வாசிப்பு முடிந்ததும் கையில் வலை வைத்திருந்த ஓர் அதிகாரி எங்களிடம் வந்தார். அவரை அங்கே வலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

"வவ்வாலை விரட்டணும் சார்" என்றார் மாப்பிள்ளை.

"விரட்டறதுக்கு முன்னாடி அது யாருன்னு தெரிய வேண்டாமா?"

"வவ்வாலுங்க."

"அது சரி, என்ன வவ்வால்?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். அவர் வாழ்நாளில் வௌவாலை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. "கருப்பா இருக்கும். மூக்கு மட்டும் மஞ்சளா…" என்று இழுத்தார்.

வலைக்காரர் கையிலிருந்த வலை கீழே விழுந்தது.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து, பரணில் ஏறி, தலையில் ஒட்டடையோடு ஒரு வௌவாலைப் பிடித்து இறங்கினார். மறுநாள் எங்களையும் வரச் சொல்லிப் பெரியவர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில், பட்டு மெத்தை மேல், பதப்படுத்திய வௌவால் ஒன்று படுத்திருந்தது. அதுதான் மூலமாதிரி. பெரியவர் பெயர் வைத்த பொன்மூக்கு வௌவால் இனத்துக்கே அதுதான் அளவுகோல். அதைப்போல் இருந்தால்தான் பொன்மூக்கு, இல்லாவிட்டால் எதுவுமில்லை.

அந்த மூலமாதிரிக்கு இடக்காது கிடையாது. அந்த இடத்தில் பூச்சி அரித்த தடம் நன்றாகத் தெரிந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் பெரியவர் நூல் எழுதிய காலத்தில் பூச்சி தன் வேலையை முடித்திருந்தது போலிருக்கிறது. 'இவ்வினத்துக்கு வலக்காது மட்டுமே உண்டு' என்று எழுதிவிட்டார். அதன் பிறகு அவருடைய ஆட்கள் காடு காடாக அலைந்து, மஞ்சள் மூக்கு வௌவால்களை நூற்றுக்கணக்கில் பிடித்து, எல்லாவற்றுக்கும் இரண்டு காது இருக்கக் கண்டு, 'பொன்மூக்கு அகப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் பறக்கவிட்டார்கள். இப்படித்தான் அது உலகத்திலேயே மிக அரிய வௌவால் ஆனது.

"இதுக்கும் ரெண்டு காது இருக்குங்களே" என்றார் மாப்பிள்ளை. அவருக்குத் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

பெரியவர் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார். அவர் யாரிடமும் பேசுவதில்லை, வருங்காலத்திடம்தான் பேசுவார்.

"மூலநூலின் பொன்விழா நெருங்குகிறது. விழாவுக்கு உயிருள்ள ஒரு பொன்மூக்கு தேவை. தேவை உண்மையாக இருக்கும்போது அறிவியல் முரண்டு பிடிக்காது. இந்த வௌவாலுக்கு வலக்காது இருக்கிறதா?"

"இருக்குங்க ஐயா" என்றார் வலைக்காரர்.

"அது போதும். இடப்பக்கம் இருப்பதை மிகைக்காது என்று குறித்துக்கொள்ளுங்கள்."

குறித்துக்கொண்டார்கள். வௌவால் தன் மிகைக்காதை ஆட்டியது.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. மூலநூலில் 'அடர்ந்த காட்டில் மட்டுமே வாழும், மனிதக் குடியிருப்பை அறவே நாடாது' என்று அச்சாகியிருந்தது. பொன்மூக்கு வந்து தொங்குவதோ பள்ளிச் சீருடை தைக்கும் கடையில். இதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். மேசையைச் சுற்றி ஒன்றும் பேசாத ஆட்கள் நிறையப் பேர். பெரியவர் எழுந்து நின்றார்.

"நண்பர்களே, இங்கே மூன்று சாத்தியங்கள் உள்ளன. வௌவால் தவறான இடத்துக்கு வந்திருக்கலாம். அதற்குப் படிப்பு இல்லாவிட்டாலும் ஒழுங்கு உண்டு, அப்படிச் செய்யாது. அல்லது நூல் தவறாக இருக்கலாம்." இங்கே ஓர் இடைவெளி விட்டார். வேடிக்கை என்று புரிந்துகொண்டு ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "ஆகவே மிஞ்சுவது ஒன்றுதான். அந்த இடம் வீடு அல்ல."

மாப்பிள்ளை எழுந்தார். "சார், அது வீடுதாங்க. எங்க அப்பா கட்டினது. வரி கட்டறேன்."

"வரி கட்டுவதால் ஓர் இடம் வீடாகிவிடாது. நான் காட்டைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் வீட்டைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள்?"

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை.

அடுத்த வாரம் அளவெடுக்க வந்தார்கள். தையல்காரர் வீட்டுக்கே வந்து அளவெடுக்கிறார்களே என்று தெருவில் சிரித்தார்கள். வந்தவர்கள் சிரிக்கவில்லை. கம்பியில் தைத்து முடித்துத் தொங்கிய சட்டைகளை மேல்விதானம் என்று எழுதினார்கள். கால்சட்டைகள் நடு அடுக்கு. மேசைக்கடியில் விழுந்து கிடந்த வெட்டுத்துணி தரைச் சருகு. அதைப் பெருக்கக் கூடாது என்று தங்கையிடம் சொன்னார்கள். வெளிச்சம் எவ்வளவு கீழே விழுகிறது என்று ஒரு கருவியை வைத்துப் பார்த்து, 'மேற்கு மலைச்சரிவைவிட இங்கே விதானம் அடர்த்தி' என்று வியந்தார்கள். அதில் பொய் இல்லை. மலைச்சரிவில்தான் மரமே இல்லையே.

வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். 'பொன்மூக்கு அடர்வனம்.' பச்சைத் தொப்பி போட்ட ஒரு காவலரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தங்கை அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அடுப்பிலிருந்து புகை வந்ததைப் பார்த்துவிட்டு, காட்டுத்தீ என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார் அந்த மனிதர். தேநீரைக் குடித்த பிறகுதான் எழுதினார்.

அன்றிலிருந்து அடுப்புக்குத் தடை, இஸ்திரிப் பெட்டிக்குத் தடை. தையல் எந்திரத்தின் சத்தம் பொன்மூக்கின் உறக்கத்தைக் கெடுக்கிறது என்று பகலில் அதற்கும் தடை. இஸ்திரி போடாத சீருடையைப் பள்ளிக்கூடம் வாங்குமா? பாதித் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டிலிருந்து சோறு கொண்டு போவேன். காவலர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவார். வெளியிலிருந்து விதைகள் எதுவும் காட்டுக்குள் போய்விடக் கூடாதாம்.

அந்த நாட்களில்தான் மரக் குத்தகைக்காரர் நிறுவனத்துக்குப் போனார். மலைச்சரிவில் பொன்மூக்கு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தேடிப் பார்த்துச் சொன்னார்கள். அப்படியானால் அது காடா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெரியவர் எழுதிக் கொடுத்த பதிலைக் குத்தகைக்காரர் எங்கே போனாலும் காட்டுவதற்காக என் கடையில்தான் நகலெடுத்தார். 'பொன்மூக்கு இல்லாத இடம் காடு அல்ல. அது வெறுமனே மரங்கள் நிற்கும் இடம்.' மிச்சமிருந்த மரங்களும் அந்த மாதத்துக்குள் லாரியில் ஏறின. பொன்விழாப் பந்தலுக்குத் தேவையான பலகைகளைக் குத்தகைக்காரர் அன்பளிப்பாக அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வெளியேற்ற உத்தரவு வந்தது. அடர்வனத்தில் மனிதர்கள் குடியிருப்பது குற்றம், காலி செய்யவும்.

தங்கை என் கடைக்கு வந்து நகலெடுக்கும் எந்திரத்தின் மேல் தலையை வைத்து அழுதாள். "நான்தானே போய்க் கேட்டேன்? விளக்குமாத்தால ரெண்டு தட்டு தட்டியிருந்தா போயிருக்குமேண்ணா." நான் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

வழி சொன்னவர் வலைக்காரர். தெருவில் வைத்து என் காதோடு சொன்னார். "காட்டுல மனுஷங்க இருக்கக்கூடாது. ஆனா காட்டுல வாழற உயிரினம் இருக்கலாமில்ல? வகைப்பாட்டுக் குழுவுக்கு ஒரு மனு போடுங்க. உங்களையும் வனவாழ் உயிரினம்னு வகைப்படுத்திட்டா, அப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது."

"இதெல்லாம் நடக்குமா சார்?"

"நடக்கறதுக்குத்தானே குழு இருக்கு."

மனு போட்டதும் தங்கை, மாப்பிள்ளை, மகள் மூவரையும் குழு முன் நிறுத்தினார்கள். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். வௌவாலுக்கு முதலில் அளப்பது முன்கை நீளம் என்பதால் இவர்களுக்கும் அதையே அளந்தார்கள். மாப்பிள்ளைக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. டேப் சரியாகப் பிடிக்கவில்லை என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு கேள்விகள்.

"இரவில் விழித்திருப்பீர்களா?"

"பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துல விடிய விடியத் தைப்பேன் சார்."

"இரவாடி" என்று எழுதினார்கள். "தலைகீழாகத் தொங்குவது உண்டா?"

"இதுவரைக்கும் இல்லீங்க."

"கட்டாயம் இல்லை. விருப்பம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம்."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். "தேவைப்பட்டா பழகிக்கறேங்க" என்றார்.

மகளிடம் கேட்டார்கள். "நீ என்ன சாப்பிடுவாய்?"

"உங்க ஆளுங்க அடுப்பை அணைச்சதிலேருந்து பாதி வேளை பழம்தான்" என்றாள் அவள். குழு மகிழ்ந்துபோய் 'பழவுண்ணி' என்று எழுதியது. அவளுக்கு இருந்த கோபத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. தையல்காரர் குடும்பம் 'வீட்டுவன மனிதன்' என்ற புதிய கிளையினம். அவ்வனத்தில் மட்டுமே காணப்படும், வேறெங்கும் கிடையாது. மூவர் மணிக்கட்டிலும் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டினார்கள். அடுப்பு அவ்வினத்தின் இயல்பான பழக்கம் என்று ஏற்கப்பட்டது. தையல் எந்திரச் சத்தமும் அதன் குரல் என்று அனுமதிக்கப்பட்டது. கடைத்தெரு வரைக்கும் இரைதேடும் எல்லை என்று வரைந்து கொடுத்தார்கள். அன்று தங்கை வீட்டில் பல நாள் கழித்துச் சோறு பொங்கியது. மாப்பிள்ளை சட்டைக்கை போட்டுக்கொள்ளும்போது வளையம் இடறுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன்.

மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, காவலர் நாற்காலியிலிருந்து எழுந்து வழியை மறித்தார்.

"எங்கம்மா போறே?"

"வேலைக்கு."

"இரைதேடும் எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?"

எல்லாரும் மறுபடி பெரியவர் முன்னால் போய் நின்றோம். மேசை மேல் மூலநூலின் பொன்விழாப் பதிப்பு இருந்தது, மைவாசம் போகவில்லை. அதில் ஒரு பக்கம் முழுக்க வரைபடம், அதன் நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. தையல் கடை.

"இவ்வினம் இந்தப் புள்ளியில் மட்டுமே உள்ளது. இவள் அந்த நகரத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பதிப்பு அச்சாகிவிட்டது" என்றார் பெரியவர்.

"வேலைக்குப் போறா சார். பல்லு செய்யற வேலை" என்றார் மாப்பிள்ளை.

"போகட்டும். நாங்கள் யாரையும் கட்டிப்போடுவதில்லை. ஆனால் அங்கேயும் வாழ முடிகிறது என்றால், இது வனவாழ் இனம் இல்லை என்று ஆகும். வகைப்பாடு ரத்தாகும். நீங்கள் இருவரும் காட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்."

"வேற வழியே இல்லீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

பெரியவர் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் எப்போதும் சந்தேகம் உண்டு.

"ஒரு வழி இருக்கிறது. சில சமயம் ஒரு பறவையோ வௌவாலோ காற்றில் அடித்துவரப்பட்டு, தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் வந்து இறங்கும். வழிதவறி என்போம். அதைப் பரவலில் கணக்கெடுப்பதில்லை. இந்தப் பெண் உங்கள் இனம் அல்ல, உங்கள் மகள் அல்ல, வழிதவறி வந்தவள் என்று குழு முன்னால் நீங்கள் வாய்விட்டுச் சொன்னால், அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். உங்கள் வீடும், மன்னிக்கவும், உங்கள் காடும் உங்களிடமே இருக்கும்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் தயவு வழிந்தது. நான் நகலெடுக்கிறவன், என் வாழ்க்கையில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்குக் கையைப் பைக்குள் விட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள். "நான் போகலப்பா. இதைப் போய்ச் சொல்லிட்டு அப்படி ஒரு வேலை எனக்கு வேணாம்."

மாப்பிள்ளை எந்திரத்தின் முன் உட்கார்ந்தார், ஆனால் தைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அவள் வெளியே வைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். தைக்கிறவர் மடித்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சுருக்கம் இல்லை.

"வாயால சொல்றதுதானே" என்றார். "வாயால சொன்னா ஆயிடுமா?"

"அப்படின்னா உங்க குரல் ஏம்ப்பா இப்படி இருக்கு?" என்று மகள் கேட்டாள். அவர் பெட்டியை மூடினார்.

குழு கூடியது. மகள் ஒரு பக்கம், பெற்றவர்கள் ஒரு பக்கம். மாப்பிள்ளை எழுந்து நின்று, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். "இந்தப் பொண்ணு என் மக இல்லீங்க. எங்க இனம் இல்லீங்க. எங்கிருந்தோ வந்தா."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கு ஒன்றுபோல இருக்கிறதே?"

"இந்த மாதிரி மூக்கு நிறையப் பேருக்கு இருக்குங்க."

"நிற்கும் விதமும் ஒன்றுபோல இருக்கிறது."

மாப்பிள்ளை உடனே ஒரு காலை மாற்றி நின்றார். அதைப் பார்த்து மகளும் காலை மாற்றினாள். பழக்கதோஷம். குழுவில் யாரும் கவனிக்கவில்லை; கவனிப்பது அவர்கள் வேலையில் வராது.

"தாயார் என்ன சொல்கிறார்?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. 'ஆட்சேபம் இல்லை' என்று வலைக்காரர் எழுதிக்கொண்டார். மகள் மணிக்கட்டிலிருந்து வளையத்தை வெட்டி எடுத்தார்கள்.

பேருந்து நிலையம் இரைதேடும் எல்லைக்கு வெளியே இருப்பதால் வழியனுப்ப நான் மட்டும் போனேன். பேருந்து கிளம்பும்போது "மாமா, அப்பாவைப் பாத்துக்கோங்க" என்று சத்தமாகச் சொன்னாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று பயம். என்னையும் அந்தப் பாவிகள் அந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பொன்விழா நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் பரணுக்கு ஏணி வைத்து ஏறி, விளக்கைப் பளிச்சிட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு மாலையில் வௌவால்கள் ஓட்டை வழியாகக் கூட்டமாக வெளியே போயின. திரும்பி வரவில்லை. அவற்றுக்கு யாரும் எல்லை வரைந்து கொடுக்கவில்லை, அதிர்ஷ்டசாலிகள். வலைக்காரர் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுகூட இல்லை என்று மென்று விழுங்கினார். பெரியவர் அசரவில்லை. "கண்ணில் படாததால் இல்லை என்று ஆகிவிடாது" என்றார். மலைச்சரிவில் வௌவால் இல்லாதது அது காடு இல்லை என்பதற்குச் சான்று. பரணில் வௌவால் இல்லாதது எதற்கும் சான்று இல்லை. இதற்குத்தான் அவர்களுக்கு அவ்வளவு பெரிய கட்டடம்.

பார்க்க வௌவால் இல்லாமல் போனதும் பார்வையாளர்களுக்கு வீட்டுவன மனிதர்களைக் காட்டத் தொடங்கினார்கள். முன்னறையில் ஒரு கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை தைப்பார், தங்கை பொத்தான் கட்டுவாள். இந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் சட்டையைத் தைத்ததும் அவர்தான்.

மழைக்காலம் முடிந்து மகள் விடுப்பில் வந்தாள். நேராக வீட்டுக்குள் போக முடியாது. வழிதவறி ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை வந்தால் அது வழிதவறி இல்லை. அதனால் பார்வையாளர் வரிசையில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். இளைத்திருந்தாள். காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அன்று பார்த்துக் குறிப்பெடுக்க வலைக்காரரும் கயிற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் கயிற்றருகே வந்ததும் எந்திரம் நின்றது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். வலைக்காரர் பேனாவைத் தூக்கினார்.

"வாங்கம்மா" என்றார் மாப்பிள்ளை. "எந்த ஊரு உங்களுக்கு?"

பெற்ற மகளை அவர் வாங்க என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் வேலை பார்க்கும் நகரத்தின் பெயரைச் சொன்னாள்.

"தூரம்தான்" என்றார். "அங்க எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க" என்றாள் மகள்.

பின்னால் வரிசை நகரச் சொல்லி நெருக்கியது. மாப்பிள்ளை குனிந்து எந்திரச் சக்கரத்தில் கையை வைத்தார். அதுவரை தலை தூக்காமல் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த தங்கை எழுந்து கயிறு வரைக்கும் வந்தாள். சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"சாப்ட்டியா?" என்றாள்.

மகள் தலையாட்டினாள். நான் அவள் தோளைப் பிடித்து மெல்ல வெளியே கூட்டி வந்தேன்.

வளையம் இல்லாத கை யாருடையது என்று வலைக்காரருக்குத் தெரியாது, சந்தேகப்படவில்லை. எழுதிக்கொண்டார். மூலநூலின் அடுத்த பதிப்பில், வீட்டுவன மனிதன் என்ற தலைப்பின்கீழ், 'இவ்வினத்தின் பெண், காண வருவோர் அனைவரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்கும் இயல்புடையது' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்த ஊழியர்கள் அதையும் ஒரு நாள் காலையில் எழுந்து நின்று வாசித்திருப்பார்கள். அந்த வரி தப்பு. அன்றைக்கு அந்தக் கயிற்றுக்கு முன்னால் ஊரே வந்து நின்றது. என் தங்கை ஒருத்தியிடம்தான் கேட்டாள்.